இடது கைக்கு வேலையில்லை

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை ஒன்று இருக்கிறது. அதில் சாவிகளோடு ஒரு ஜோடி கையுறைகளும் தொங்குகின்றன. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தோல் கையுறைகள். வெளிர் சாம்பல் நிறம். வலது கையுறை நன்றாக உழைத்திருக்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி உள்ளங்கைத் தோல் வழவழத்துப்போய், கட்டைவிரல் பக்கம் தையல் விட்டு, அதை வேறு நிற நூலால் யாரோ தைத்திருக்கிறார்கள். அந்த அலங்கோலத் தையல் என்னுடையது. இடது கையுறையின் கதை வேறு. கிளட்சைப் பிடிக்க வேண்டிய விரல்கள் இரண்டும் அதிகம் தேயாமல் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கின்றன. ஆனால் உள்ளங்கையில் மங்கலாக ஒரு நீலம் படர்ந்திருக்கிறது. என் மனைவி மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஆய்வகத்தில் மயில்துத்தத்தைத் தொட்டுவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் கையுறையை எடுத்திருப்பாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவள் இருந்தவரை அதைப் பற்றிக் கேட்டதில்லை. வீட்டில் ஒரு பொருள் கண்ணெதிரே தொங்கிக்கொண்டே இருந்தால் அதைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். மீன்காரம்மாவுக்கும் டீச்சர், கோயிலில் சாமியாருக்கும் டீச்சர். கல்யாணமான புதிதில் நான் கிண்டலாக அப்படிக் கூப்பிடப் போக, அவள் பதிலுக்கு என்னை "சார்" என்றாள். கிண்டல் போய்விட்டது, பெயர்கள் நின்றுவிட்டன. சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த கத்தோலிக்கக் குடும்பம் அவளுடையது. கல்லூரிக் காலத்திலேயே அண்ணனின் மோட்டார் சைக்கிளை அவன் தூங்கும் மதிய வேளைகளில் எடுத்து ஓட்டிப் பழகியவள். நானோ ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் ஆயுசைக் கழித்தவன். நசுங்கிய வண்டிகளின் புகைப்படங்களைக் காலை முதல் மாலை வரை பார்த்தவனுக்குச் சாலை என்றால் என்ன தோன்றும்? கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுத்ததோடு சரி. கியரே இல்லாத ஸ்கூட்டரில், அதுவும் ஓரமாக, வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். குடை எடுக்காமல் வெளியே போனதில்லை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பேன். அவள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது, ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மகன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போன பிறகு, வீட்டில் சத்தம் குறைந்துபோனது என்று சொல்லிக்கொண்டு அவள் மோட்டார் சைக்கிள் வாங்கினாள். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு டீச்சரம்மா வாங்குகிற வண்டியில்லை அது. முன்பக்கம் இரண்டு விளக்குகளோடு, முறைத்துப் பார்ப்பது போல் இருக்கும். கூடவே குயிக் ஷிஃப்டர் என்று ஒன்றைத் தனியாகக் கேட்டுப் பொருத்திக்கொண்டாள். கிளட்ச் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை விடாமல், காலால் மட்டும் கியர் மாற்ற உதவும் சின்னக் கருவி. கியர் லீவரோடு ஒரு சென்சார் இருக்கும். கால் லீவரைத் தள்ளியதும் அது தெரிந்துகொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்கு இன்ஜினின் இழுப்பை நிறுத்தும். அந்த இடைவெளியில் அடுத்த கியர் விழுந்துவிடும். "சிட்டிக்கு அது வேஸ்டும்மா, ரேஸ் ஓட்டறவங்களுக்குத்தான் அது" என்று மகன் தொலைபேசியில் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவள் இடதுகைக்காரி. கரும்பலகையும் விடைத்தாளும் அந்தக் கையின் மணிக்கட்டைப் பதம் பார்த்திருந்தன. "கிளட்ச் புடிச்சா கை வலிக்குதுடா" என்று அவனிடம் சொன்னாள். நானும் அதையே நம்பினேன். பிறகு கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லவும் செய்தேன்.

கருவி வந்துவிட்டதே தவிர, அதைப் பதமாகப் பயன்படுத்த அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்புவோம். அபிராமபுரத்திலிருந்து அடையாறு பாலம், பெசன்ட் நகர், திரும்பக் கடற்கரைச் சாலை என்று ஒரு சுற்று. பின்னால் உட்கார எனக்கு ஒரு ஹெல்மெட்டும் ஒரு ஜீன்ஸும் வாங்கிக் கொடுத்தாள். வேட்டியோடு இந்த வண்டியில் ஏறக் கூடாது என்பது அவள் கட்டளை. தி.நகரில் கும்பலில் முண்டியடித்து வாங்கிய அந்த ஜீன்ஸ் மையில் முக்கி எடுத்தது போல இருந்தது. முதல் தடவை ஊறவைத்தபோதே பக்கெட்டில் கிடந்த என் இரண்டு வேட்டிகளையும் வானத்து நிறமாக்கியது. அதற்குப் பிறகும் எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தது. "உங்ககிட்ட இருக்கற ஒரே கலர் அதுதான் சார், விட்டுடுங்க" என்று அவள் சிரித்தாள். கீழ் வீட்டு மாமா பால் வாங்க வந்தவர் எங்களை நிறுத்தி, "ஏன் சார், ஆத்துக்காரி ஓட்டறா, நீங்க பின்னாடி உக்காந்துண்டு போறேளே, பயமா இல்லையோ?" என்று கேட்டார். "பயம்தான் மாமா, அதான் பின்னாடி உக்காந்திருக்கேன்" என்றேன்.

பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கியர் மாற்றுவதன் நல்லது கெட்டது தெரியும். முன்னால் இருப்பவர் சொதப்பினால் வண்டி ஒரு விக்கல் விக்கும். பின்னால் இருப்பவன் முன்னால் சாய்வான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் "டொக்" என்று இடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் எங்கள் தலைகள் கல்யாணத்தில் தேங்காய் உடைப்பது போலச் சத்தம் போட்டன. ஒவ்வொரு இடிக்கும் அவள் "சாரி சார்" என்பாள். பிறகு வகுப்பெடுக்கிற குரலில், எனக்கா தனக்கா என்று தெரியாமல், பாடம் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். "ஆக்சிலேட்டர விடக் கூடாது. ரொம்ப மெதுவா போறப்போ மாத்தக் கூடாது. பாதி மனசோட கால வைக்கவே கூடாது." கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாறு பாலத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கியர்கள் விழுந்தன. எனக்கு இன்ஜின் சத்தம் மாறியது மட்டும்தான் தெரிந்தது. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. அவள் ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்தினாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை என்றாலும் சந்தோஷமாகத்தான் கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. வெறும் சாலை கிடைத்துவிட்டால் அவள் இடது கை ஹேண்டிலை விட்டுப் பின்னால் வந்து என் முழங்காலுக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். தட்டாது, தடவாது, சும்மா இருக்கும். கியர் மாற்றும்போது மட்டும் விரல்கள் லேசாக இறுகும். எனக்கோ இதில் வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயந்தாங்கொள்ளிக்குத் தைரியம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளியில் ஊசி போட வரும்போது அழுகிற பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. "டீச்சர், ரெண்டு கையும் ஹேண்டில்ல வைங்க" என்பேன். "இந்தக் கைக்கு வேலையில்ல சார்" என்பாள் அவள். ஒவ்வொரு வாரமும் இதே வசனம்தான். வேறு தம்பதிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

அவள் போனது வண்டியால் அல்ல. விபத்துக் கோப்புகளையே பார்த்தவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் கெடுதல் வரும் என்று தோன்றியிருந்தது. அது கணையத்திலிருந்து வந்தது. கண்டுபிடித்ததற்கும் முடிந்ததற்கும் நடுவே ஒரு மழைக்காலம்தான் இருந்தது. கடைசி நாட்களில் அவள் வண்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யாருக்குக் கொடு, விற்றுவிடு, வைத்துக்கொள், எதுவும் இல்லை. காப்பியில் சர்க்கரை போதவில்லை என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமன்பாட்டுப் பாடம் முடியவில்லை என்றாள். மோட்டார் சைக்கிள் கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் உறை போர்த்தியபடி நின்றுகொண்டே இருந்தது. முதல் வருஷ நினைவுத் திருப்பலிக்கு வந்த மகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குப்பா சும்மா நிக்குது, வித்துடலாம்" என்றான். சரி என்று தலையாட்டினேன். அந்த வருஷம் முழுவதும் யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து மகன் ஏற்பாடு செய்த ஆள் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நான் மேலேயே இருந்துவிட்டேன். கீழே அவர் வண்டியைக் கிளப்பினார். பேட்டரியை அவ்வப்போது நான் சார்ஜ் செய்து வைத்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி இரண்டாவது மாடிக்கு வந்தது. டீச்சர் என்னை வீட்டிலிருந்து கிளப்புவதற்குக் கையாண்ட வழி அதுதான். பூட்டியிருக்கிறேனா, காஸ் மூடியிருக்கிறேனா என்று நான் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன். அவள் கீழே போய் இன்ஜினைக் கிளப்பி லேசாக முறுக்குவாள். அதைக் கேட்டால் நான் விட்டது விட்டபடி ஓடுவேன். அன்றைக்கும் கேட்டேன். என்னை அறியாமல் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். கீழே மீசை வைத்த ஓர் ஆள் அவள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் இறங்கினார். வண்டியை விற்பதாக இல்லை என்று சொல்லி, வீணாக அலைய வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, பேருந்து நிறுத்தம் வரை கூடவே போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன்.

தொலைபேசியில் மகன் கோபப்பட்டான். கோபம் என்று அவன் சொல்லிக்கொண்டான்; பயம் என்று எனக்குப் புரிந்தது. "ஓட்டாம வச்சிருந்தா வண்டி துரு புடிச்சிடும். நீ ஓட்டப் போறியா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு யாருப்பா இருக்காங்க?" என்றான். ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவன் ஒரு நிபந்தனை போட்டான். அடுத்த திருப்பலிக்கு வரும்போது அவனைப் பின்னால் உட்கார வைத்து அம்மா போகிற அதே சுற்றை, அம்மா மாதிரியே குயிக் ஷிஃப்டரில், நான் ஓட்டிக் காட்ட வேண்டும். "ஒரு தடவ ஹெல்மெட் இடிச்சாலும் வித்துடலாம். சம்மதமா?" சம்மதம் என்றேன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, பரீட்சை வைக்காமல் விடுவானா!

பாடம் மனப்பாடம், ஆனால் கால் கேட்கவில்லை. விடிந்தும் விடியாத காலை நேரங்களில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிரீன்வேஸ் சாலைப் பக்கம் போவேன். கிளட்ச் பிடித்து மாற்றினால் ஒரு மாதிரி ஓடியது. குயிக் ஷிஃப்டரில் மாற்றலாம் என்று காலை வைத்தால் வண்டி மூச்சு முட்டி விக்கியது. அது மட்டுமல்ல, நான் கியரே மாற்றாமல் நேராகப் போகும்போதும் திடீர் திடீரென்று விக்கியது. நன்றாக ஓடுகிற இன்ஜின் ஒரு கணம் செத்து உயிர் பிழைக்கும். தலை முன்னால் போய் வரும். முன்னால் இடித்துக்கொள்ள இன்னொரு ஹெல்மெட் இல்லை, அதனால் சத்தம் வரவில்லை. அந்தச் சத்தமின்மையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அப்படி விக்கியபோது "சாரி டீச்சர்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் சைக்கிளில் வந்த பேப்பர்காரர் திரும்பிப் பார்த்தார்.

வண்டியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய சந்தில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் கொண்டுபோனேன். பிளக்கை மாற்றினார், செயினை இழுத்துக் கட்டினார், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். விக்கல் நிற்கவில்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை அவரே ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "நானு மவுண்ட் ரோடு வரிக்கும் போய்க்கினு வந்தேன் சார். இன்னா ஸ்மூத்தா கீது தெரியுமா! பேய் கீய் புட்சிக்கிச்சின்னு நெனச்சிக்கினு கீறியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போனால் ஓடுகிறது, நான் போனால் விக்குகிறது என்றால் வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றுதானே பொருள்? அப்படியெல்லாம் நினைக்கிற வயதில்லை எனக்கு, ஆனால் நினைத்தேன். அன்று பாலத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தீர்வு கட்டில் காலிலிருந்து வந்தது. ஒரு நாள் விடியுமுன் இருட்டில் எழுந்தபோது இடது கால் கட்டைவிரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டேன். நகம் கன்றிப்போய் வீங்கிவிட்டது. வீட்டில் உட்கார்ந்தால் விரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று பெரிய அளவு ஷூ ஒன்றை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். லீவரில் பட்டால் உயிர் போகும் என்பதால் காலைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளி வைத்துக்கொண்டேன். மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, வலியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு விருட்டென்று ஒரே தூக்காகத் தூக்கிவிட்டு உடனே காலை எடுத்துக்கொண்டேன். கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. அடுத்ததும் அப்படியே. வீடு திரும்பும் வரை வண்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் இறங்கி நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் எதற்கும் இருக்கட்டும் என்று, எப்போதும் தயாராக, லீவரின் அடியிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அந்த லேசான அழுத்தத்தைச் சென்சார் கட்டளையாக எடுத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. கியரோ மாறுகிற அளவுக்கு நான் தள்ளவில்லை. குடையோடு அலைகிறவன் செய்யக்கூடிய தப்பு. பாதி மனசோடு காலை வைக்கக் கூடாது என்று அவள் சொன்னபோது கியர் மாற்றும் நேரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். மாற்றாத நேரத்துக்கும் அது பொருந்தும்.

விரல் ஆறிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வேலையில்லாத நேரத்தில் கால் லீவருக்கு வெளியே. வேலை வந்தால் ஒரே தள்ளு. மெல்ல மெல்ல மற்றதும் வந்தது. ஆக்சிலேட்டரைச் சீராகத் திறந்து வைத்திருக்க வேண்டும், இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது மாற்ற வேண்டும், வேகம் போதாவிட்டால் அடக்கமாகக் கிளட்சையே பிடித்துவிட வேண்டும். பழகப் பழக ஒன்று தெரிந்தது. மகன் சொன்னது சரி. இந்த ஊரில் குயிக் ஷிஃப்டரால் கைவலி குறையாது. பனகல் பார்க் பக்கமோ லஸ் முனையிலோ ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நின்று நின்று கிளம்பக் கிளட்சைப் பிடித்தே தீர வேண்டும். அது உதவுவதெல்லாம் வெறிச்சென்ற சாலையில். வெறிச்சென்ற சாலையில் யாருக்குக் கை வலிக்கப் போகிறது? பிறகு எதற்கு மெனக்கெட்டு இதைப் பொருத்திக்கொண்டாள் என்று எனக்குள் ஒரு கேள்வி முளைத்தது. வேதியியல் டீச்சர், காரணமில்லாமல் எதையும் எதோடும் சேர்க்க மாட்டாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

மகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவள் பெயரை வாசித்தார்கள். முடிந்ததும் இருவரும் வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டோம். நான் பின்னால் உட்கார்ந்து போன நாட்களில் போட்டுக்கொண்ட அந்தப் பழைய ஹெல்மெட்டை அவனுக்குக் கொடுத்தேன். நான் எனக்கென்று வாங்கிய கையுறைகளை மாட்டிக்கொண்டேன். அதே கடை, அதே சாம்பல் நிறம். அவளுடையது என் கைக்குச் சின்னது. மகன் பின்னால் ஏறியதும் வண்டி அமுங்கியது. யாரோ பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற அந்தக் கனம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் நம்புவது கஷ்டம். இரண்டு வருஷமாக அந்த வண்டியில் என்னோடு யாருமே வந்ததில்லை.

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் கிளட்ச் பிடித்தே மாற்றினேன். அவளும் அப்படித்தான் செய்வாள். திருப்பத்தைத் தாண்டிப் பாலத்துக்குப் போகும் சாலை காலியாகக் கிடந்தது. மூன்றாவது. ஹெல்மெட் இடிக்கவில்லை. நான்காவது. இடிக்கவில்லை. "ம்ம்" என்றான் மகன் பின்னாலிருந்து. பாலத்தில் ஏறியபோது ஆற்றிலிருந்து காற்று பக்கவாட்டில் அடித்தது. காலைத் தூக்கினேன், ஐந்தாவது விழுந்தது, இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு படி இறங்கியது. அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை ஹேண்டிலில் இல்லை. அது பின்னால் போய் மகனின் முழங்காலுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. நான் வைக்கவில்லை. அதற்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அதனால் போய்விட்டது. வேலையில்லாத கை, பின்னால் இருக்கிற ஆளைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான் விஷயம்.

"அப்பா, ரெண்டு கையும் ஹேண்டில்ல வை" என்று மகன் கத்தினான்.

அவன் குரலில் இருந்த பயம் என்னுடையது. அதே வார்த்தைகள், அதே பாலம். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "இந்தக் கைக்கு வேலையில்லடா" என்றேன். சொல்லிவிட்டு, பெசன்ட் நகர் வரும் வரை ஹெல்மெட்டுக்குள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே ஓட்டினேன். இரண்டு கைகளாலும்தான் ஓட்டினேன். தைரியம் சொல்லவில்லை அவள். என் பயத்துக்கும் அவள் கைக்கும் சம்பந்தமே இல்லை. கை காலியாக வேண்டும் என்றுதான் அவள் அந்தக் கருவியையே வாங்கியிருக்கிறாள். மணிக்கட்டு வலி என்று மகனிடம் சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும், ஒரு டீச்சரால், வளர்ந்த பிள்ளையிடம்?

கடற்கரையோரம் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்தோம். மகன் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இடிக்கல" என்றான். அன்று மாலையே அவன் புனே ரயிலைப் பிடித்தான். வழியனுப்பிவிட்டு வந்து கதவைத் திறந்து சாவியைப் பலகையில் மாட்டும்போது அந்தக் கையுறையைப் பார்த்தேன். பீரோவைத் திறந்து என் பழைய ஜீன்ஸை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது முழங்காலுக்கு மேலே மட்டும் துணி மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. மயில்துத்தமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சாயம் விட்டது அவள் உள்ளங்கையில்தான். என் வேட்டிகளுக்காக அவளோடு எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன்! கையுறையை நான் துவைக்கவில்லை. இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

வண்டி என்னிடமே இருக்கிறது. காலையில் எடுத்துக்கொண்டு அதே சுற்றைப் போய்விட்டு வருகிறேன். குயிக் ஷிஃப்டரில் இப்போது யாரையும் உட்கார வைத்து என்னால் தலை இடிக்காமல் ஓட்டிக் காட்ட முடியும். ஆனால் தனியாகப் போகும்போது நான் அதை உபயோகிப்பதில்லை. ஒவ்வொரு கியருக்கும் கிளட்சைப் பிடித்தே மாற்றுகிறேன், அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக. வீட்டுக்கு வந்ததும் என் கையுறைகளையும் கழற்றி அவளுடையதற்குப் பக்கத்தில் மாட்டுகிறேன். என் இடது கையுறையில் கிளட்ச் பிடிக்கும் இரண்டு விரல்களும் தேய ஆரம்பித்துவிட்டன. உள்ளங்கை இன்னும் புதிதாகவே இருக்கிறது.